தொடுவதற்கு முன் எஸ்தர்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போகும் சந்தில், ஜெராக்ஸ் கடையை ஒட்டி எஸ்தரின் கடை இருக்கிறது. வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் அடுப்பு, டிவி, இண்டக்சன் அடுப்பு எதைக் கொண்டுபோனாலும் சரியாகிவிடும். அதற்கு முன்னால் கொண்டுபோனவர் நன்றாகத் திட்டு வாங்க வேண்டியிருக்கும். பல பேர் பொருளை மனைவியிடம் கொடுத்தனுப்பிவிட்டு சந்து முனையிலேயே வண்டியில் உட்கார்ந்திருப்பார்கள். எஸ்தர் மனைவியைத் திட்டிவிட்டு, சந்து முனை வரைக்கும் கேட்கிற மாதிரி கணவனையும் திட்டுவாள்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. இந்த ஊர் ஜனங்கள் எப்படி இன்னும் உயிரோடு நடமாடுகிறார்கள் என்பது அவளுக்கு விளங்காத விஷயம். மூன்று முள் பிளக் சுவரில் நுழையவில்லை என்று மேல் முள்ளை ரம்பம் போட்டு அறுத்துக்கொண்டு வருகிறவன், அந்த முள் எதற்கு இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஃபியூஸ் போகிறதென்று கட்டைவிரல் தடிமனுக்குச் செம்புக் கம்பியை முறுக்கி வைத்தவர் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவர். உப்பிப்போன செல்போன் பேட்டரியில் காற்று இறங்கட்டும் என்று ஊக்கால் குத்திவிட்டு, புகை வந்ததும் அதைக் கர்சீப்பில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அனந்தபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தான் ஒருவன். எஸ்தர் இடுக்கியால் அதைப் பிடுங்கி வாசலில் இருந்த மணல் வாளிக்குள் எறிந்தாள். வாளிக்குள் அது சீறி எரிவதைப் பார்த்த பிறகும் அவன் கேட்டது, போனில் இருந்த போட்டோவெல்லாம் வருமா என்றுதான்.

எல்லாரையும் விட அவள் வெறுத்தது, வீடியோ பார்த்துத் தானே பிரித்துவிட்டு, மீந்த திருகாணிகளைத் தனியாகப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருகிறவர்களை. மைக்ரோவேவ் அடுப்புக்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும் கண்டன்சர் ஒன்று உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது ஆளைத் தூக்கி எறியும். அதைப் பற்றி வீடியோவில் சொன்னானா என்று கேட்பாள். இல்லை என்பார்கள். "அப்ப உன் சாவை ஒருத்தன் லைக் வாங்க வித்துட்டான், நீ வாங்கிட்ட" என்பாள்.

இந்த இளக்காரம் எங்கிருந்து வந்தது என்றால், தொழிற்பயிற்சிப் படிப்பிலிருந்து என்றுதான் சொல்ல வேண்டும். ரேடியோ, டிவி பிரிவில் அவள் ஒருத்திதான் பெண். முதல் நாள் வாத்தியார் சுவரில் மாட்டியிருந்த பாதுகாப்பு விதிகளை ஒன்று விடாமல் உரக்க வாசித்தார். வாசித்து முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு, ஈரம் காயாமல் மேசையில் ஓடிக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயரின் தகட்டைத் தொட்டார். தொட்டவர் தொட்டபடியே நின்றுவிட்டார். பையன்கள் எல்லோரும் பாய்ந்து போய் அவரைப் பிடித்து இழுத்தார்கள். இழுத்தவர்களில் இரண்டு பேர் தாங்களும் ஷாக் அடித்து விழுந்தார்கள். எஸ்தர் எதிர்ப்பக்கம் ஓடி மெயினை அணைத்தாள். ஷாக் அடித்தவனைத் தொடாதே, முதலில் கரண்டை அணை என்பதுதான் அவர் வாசித்த மூன்றாவது விதி. மறுநாள் இழுத்த பையன்களுக்கு வாத்தியார் டீ வாங்கிக் கொடுத்தார். மெயினை யார் அணைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

அன்று முதல் அவள் விதிகளை வாசிக்கவில்லை, செய்தாள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நம்பமாட்டாள், பிளக் கையில் வந்தால்தான் நம்புவாள். பிளக் கையில் வந்த பிறகும் கண்டன்சரின் இரண்டு முனையிலும் ஒரு குண்டு பல்பின் வயரை வைத்து மிச்சத்தை இறக்குவாள். கரண்ட் ஓடும்போதே சோதித்தாக வேண்டிய வேலை என்றால் வலது கை மட்டும் உள்ளே போகும், இடது கை முதுகுக்குப் பின்னால் போய் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு கையையும் உள்ளே விட்டால் கரண்ட் ஒரு கை வழியாக ஏறி நெஞ்சைக் கடந்து இன்னொரு கை வழியாக இறங்கும் என்பது அவளுக்குத் தெரியும். வேலைக்கு உட்காரும்போது கல்யாணச் சங்கிலியையும் மோதிரத்தையும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவாள். தாலியைக் கழற்றிவைத்துவிட்டு வேலை செய்கிறாள் என்று மாதா கோயிலில் பேச்சு வந்தது. அவள் கணவன் அலெக்சாண்டர் வல்லம் பக்கம் மினி பஸ் ஓட்டுகிறவன். சங்கிலி ஆணியில் தொங்கினால்தான் சாயங்காலம் கழுத்துக்குத் திரும்பி வரும் என்று சொல்லிவிட்டான். அவனை மட்டும் அவள் அவ்வளவாகத் திட்டுவதில்லை.

தொழிலில் அவள் மதித்த ஆள் இந்த ஊரில் ஒரே ஒருவர்தான் இருந்தார். இளையபெருமாள், அறுபது தாண்டியவர், ஏதோ ஒரு மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வுபெற்று வந்து வீட்டு வயரிங் செய்துகொண்டிருந்தவர். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண மண்டபத்தில் டிவி பார்க்கப் போனபோது அங்கே மெயின் சுவிட்சில் பூட்டு தொங்குவதைப் பார்த்தாள். பூட்டில் ஓர் அட்டை: "ஆள் வேலை செய்கிறார்." சாவி எங்கே என்று கேட்டதும், ஏணி மேலிருந்த இளையபெருமாள் தம் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். செஞ்சியில் மெயினுக்குப் பூட்டுப் போடுகிற மனிதரை அவள் அதுவரை பார்த்ததில்லை. அன்றிலிருந்து அவரை அண்ணே என்று கூப்பிட்டாள். வயரிங் வேலை யாராவது கேட்டால் அவர் பெயரைத் தவிர வேறு பெயர் சொன்னதில்லை.

மார்கழி தொடக்கத்தில் சாந்திராஜ் நயினார் வீட்டிலிருந்து ஆள் வந்தது. மணிலாக் கடலை மண்டி வைத்திருப்பவர், புது விரிவாக்கத்தில் மாடி வீடு. வாஷிங் மெஷின் லேசாக ஷாக் அடிக்கிறது என்றார்கள். லேசாக என்ற சொல்லைக் கேட்டாலே எஸ்தருக்கு எரியும்.

போய்ப் பார்த்தாள். துவைக்கிற அறையில் மெஷின் பளபளவென்று நின்றது. அதற்கு முன்னால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. வீட்டில் வேறு எங்கும் செருப்பு இல்லை. அது மெஷினைத் தொடுவதற்கென்றே வாங்கி வைத்த செருப்பு என்று சாந்திராஜின் மனைவி அனந்தி விளக்கினாள். துவைப்பதெல்லாம் வேலைக்கு வரும் ராஜாம்பாள்தான், அவளுக்கு இது பழகிவிட்டது என்றும் சொன்னாள். குழாய்த் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகூடச் சாகக் கூடாதென்று துணி கட்டி வடிகட்டுகிற சமண வீடு அது. எஸ்தர் குழாயில் கட்டியிருந்த துணியைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள். அவள் ஊர் மாதா கோயில் திருவிழாவில் தேருக்குக் கட்டுகிற, டேப் சுற்றாத சீரியல் பல்பு வயரைப் பார்த்தவள் அவள். பக்திக்கும் இன்சுலேஷன் டேப்புக்கும் எந்த மதத்திலும் சம்பந்தமில்லை என்பது அவள் முடிவு.

ராஜாம்பாள் ஈரக் கையோடு கதவோரம் நின்றிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். எஸ்தர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "இத்தினி நாளா செருப்ப நம்பித்தான் துவைச்சியா? நீயெல்லாம் எப்படி உயிரோட இருக்கே?" என்றாள். ராஜாம்பாள் பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

டெஸ்டரை மெஷின் உடம்பில் வைத்ததும் விளக்கு எரிந்தது. உள்ளே தண்ணீர் சுட வைக்கும் ஹீட்டர் கசிகிறது, அது அவளுக்குப் புரிந்தது. கசிகிற கரண்ட் எர்த் வயர் வழியாக மண்ணுக்குப் போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை? எர்த் குழி எங்கே என்று கேட்டாள். சாந்திராஜ் பெருமையாகத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். குழிக்கு மேல் பூப்போட்ட டைல்ஸ் ஒட்டியிருந்தது. எஸ்தர் டைல்ஸைப் பெயர்க்கச் சொன்னாள். கீழே இரண்டடி நீளத்துக்கு ஒரு குழாய் பாறை மேல் கிடந்தது. இந்த ஊரில் எங்கே தோண்டினாலும் பாறை தட்டும், தோண்டினவன் கடப்பாரை நின்ற இடத்தில் குழாயைப் போட்டு சிமெண்ட்டைப் பூசிவிட்டுப் போயிருந்தான்.

"நயினாரே, இது எர்த்து இல்ல. பூச்செடி நட வேண்டிய பள்ளம்" என்றாள்.

போர் வண்டியைக் கூப்பிட்டுப் பாறையைத் துளைத்து ஆழமாக இறக்கினால்தான் எர்த் என்று சொன்னாள். சாந்திராஜ் தோட்டம் கெட்டுப்போகுமே என்று இழுத்தார். மூன்று பேர் வந்து பார்த்தார்கள், யாரும் இப்படிச் சொல்லவில்லை என்றார். அந்த மூன்று பேரும் யார் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வாக்கியம் சொன்னாள் எஸ்தர். கடைசியில் அனந்திதான் சம்மதித்தாள். எர்த் வயரை மேலே கொண்டுவந்து போர்டில் சேர்க்க இளையபெருமாள் வரட்டும், நான் மெஷினைப் பார்க்கிறேன், இரண்டு வேலையும் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று ஏற்பாடு செய்தவளும் எஸ்தர்தான்.

போர் வண்டி வந்து போன பிறகு, சொல்லிவைத்த நாள் காலை நல்ல பனி. வீட்டில் ஒரு ஃபேன்கூட ஓடவில்லை. அனந்தி மேல்சித்தாமூர் கோயிலுக்குப் போயிருந்தாள். சாந்திராஜ் மண்டிக்குக் கிளம்பாமல் மேற்பார்வைக்கு நின்றார். இளையபெருமாள் மெயினை அணைத்து, பூட்டி, அட்டையை மாட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு துவைக்கிற அறைக்கு வந்து, "ஆஃப் பண்ணிட்டேன்மா, தாராளமா கை வை" என்றார்.

மெஷினுக்குப் பிளக் கிடையாது என்பதை எஸ்தர் முன்பே பார்த்திருந்தாள். எப்போதோ பிளக் கருகிப்போக, யாரோ வயரை நேராகச் சுவரிலிருந்து வரும் வயரோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். புது பிளக் போட வேண்டுமென்றால் அந்த முறுக்கைப் பிரிக்க வேண்டும். வேறு யார் ஆஃப் என்று சொல்லியிருந்தாலும் அவள் டெஸ்டர் வைத்துப் பார்த்திருப்பாள். மெயினையே கண்ணால் போய்ப் பார்த்திருப்பாள். டெஸ்டர் அவள் போட்டிருந்த காக்கிச் சட்டையின் பையில்தான் இருந்தது. ஆனால் சொன்னது இளையபெருமாள். குந்தி உட்கார்ந்து, வழக்கம்போல இடது கை முதுகுக்குப் பின்னால் போக, வலது கையால் டேப்பைப் பிரித்தாள். இரண்டு முறுக்கும் வெளியே வந்தன. ஒன்றைக் கட்டைவிரலாலும் இன்னொன்றை ஆள்காட்டி விரலாலும் தள்ளினாள்.

கை அவளுடையதாக இல்லாமல் போயிற்று. பல் கிட்டிக்கொண்டது. குந்தி இருந்த நிலையில் பின்பக்கமாகச் சாய்ந்ததால் உடம்பின் கனம் கையை இழுத்துக்கொண்டு வந்தது. தலை குழாயில் மோதியது. முடி பொசுங்குகிற மாதிரி ஒரு நாற்றம், அது தன் விரல்களிலிருந்து வருகிறது என்று அவளுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது. இளையபெருமாள் ஓடிவந்து வெறுங்கையால் அவள் தோளைப் பிடித்துத் தூக்கினார். அவள் இன்னும் வயரோடு இருந்திருந்தால் அவரும் போயிருப்பார். பின்கட்டிலிருந்து ராஜாம்பாள் துணி அடிக்கும் காய்ந்த மரக்கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். தொடவில்லை. கீழே கிடந்த வயர் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்தவள் அவள்தான்.

எஸ்தர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னாண்ணே இது?"

இளையபெருமாள் பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார். "பூட்டித்தாம்மா இருக்குது. சாவி என்கிட்டதான் இருக்குது."

"சாவி இருக்குது. வயர்ல கரண்டும் இருக்குது. இன்வெர்ட்டர் இருக்குதான்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். ரிப்பேராயி ஆறு மாசம் ஆவுது, ஓடாதுன்னாரு நயினாரு."

"மேல போயி பாத்தீங்களா?"

இளையபெருமாள் சாவியைத் திரும்பப் பையில் போட்டார். சாந்திராஜ் குறுக்கே வந்து, ஆமாம், ரிப்பேர்தான், பேட்டரி செத்துப்போய் எத்தனை நாளாச்சு என்று சத்தம் போட்டார். அப்போது ராஜாம்பாள் கட்டையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்.

"போன வாரம் புது பேட்டரி வந்து இறங்குச்சே. அம்மாவோட தம்பி வந்து மாட்டிட்டுப் போனாரு. கரண்ட் போனா துணி பாதியில நிக்குதுன்னு மெஷின் வயரையும் அன்னிக்கே அதுலதான் சேத்து உட்டாரு."

சாந்திராஜ் அவள் பக்கம் திரும்பினார். "இதை முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"என்ன யாரு கேட்டது?" என்றாள் ராஜாம்பாள். கோபமாகச் சொல்லவில்லை. இரண்டு வாளித் தண்ணீர் இருக்குது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

எஸ்தருக்கு விரலை விட அந்த வார்த்தை அதிகமாக எரிந்தது. சாந்திராஜ் தன் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாத மனிதர், அது அவளுக்கு ஆச்சரியமில்லை. மண்டிக்காரர் பேச்சை இளையபெருமாள் நம்பினார். இளையபெருமாளைத் தான் நம்பினாள். இந்த வீட்டு வயரின் கதை முழுக்கத் தெரிந்த ஒருத்தி ஐந்தடி தூரத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள், அவளை முதல் நாளே முட்டாள் என்று தீர்மானித்துத் துரத்திவிட்டவள் எஸ்தர். ஊரிலுள்ள அத்தனை மடையர்களுக்கும் அவள் வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அப்போது அவளுக்கே வசதியாகப் பொருந்தின.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். இடது கை பின்னால் இருந்ததால் பிழைத்தாய் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்க அவள் அங்கே போகத் தேவையில்லை. கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் வெந்திருந்தன. புண் ஆறும், உணர்ச்சி திரும்புமா என்பதைப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

ஊருக்கு அது ஒரு திருவிழா. எஸ்தருக்கே ஷாக் அடித்துவிட்டதாம் என்று டீக்கடையில் பேசினார்கள். அவளிடம் திட்டு வாங்கினவர்கள் எல்லாம் நலம் விசாரிக்க வந்தார்கள். எதிர்க்கடை செந்தில் டிவி ரிப்பேர் செய்கிறவன், வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று வேலை செய்வதை வீரம் என்று நினைக்கிறவன். அவன் உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இன்னாக்கா, உனக்கேவா?" என்று கேட்டான். முகத்தில் சிரிப்பு நிற்க இடமில்லை.

"எனக்கேதான். இருவத்தஞ்சு வருஷத்துல ஒரு தடவ பாக்காம கை வெச்சேன், அடிச்சுது. நீ தினமும் பாக்காம வெக்கிற. உன் கணக்கு எப்ப முடியும்னு நீயே பாத்துக்க."

செந்தில் சிரித்துக்கொண்டே எழுந்து போனான். சிரித்தபடி போகிறவர்களை ஒன்றும் செய்ய முடியாது என்று எஸ்தருக்குத் தெரியும்.

ஐந்தாம் நாள் இளையபெருமாள் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தார். முப்பது வருஷத்தில் தன் பூட்டுக்குக் கீழே வேலை செய்த ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று தொடங்கினார். மில்லில் இன்வெர்ட்டர் கிடையாது என்றார். வீட்டுக்காரரே சொல்லும்போது மாடியேறிப் பார்ப்பது மரியாதையாக இருக்காதே என்று நினைத்தேன் என்றார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பரவாயில்லை அண்ணே என்ற ஒரு வார்த்தைக்காக அவர் காத்திருப்பது தெரிந்தது.

"என் மேல கோவமா எஸ்தரு?"

"கோவம் இல்லண்ணே. நீங்களும் மத்தவங்கள மாதிரிதான்னு தெரிஞ்சிபோச்சு. அவ்ளோதான்."

அவர் சாத்துக்குடிப் பையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். சாத்துக்குடியை அவள் தொடவில்லை, அலெக்சாண்டர்தான் சாப்பிட்டான். அவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவன் சொன்னதற்கு, மரியாதைக்குப் பயந்து மாடியேறாத மனிதரிடம் வேறு எப்படிச் சொல்வது என்று கேட்டாள். ஆனாலும் அன்று சாயங்காலம் மூன்று பேர் பொருள் கொண்டுவந்தும் அவள் யாரையும் திட்டவில்லை. திட்டத் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்துக் கட்டோடு சாந்திராஜ் வீட்டுக்குப் போனாள். வீட்டுக்காரர்கள் கூடத்தில் நாற்காலி போட்டார்கள். அவள் நேராகப் பின்கட்டுக்குப் போய் ராஜாம்பாள் பக்கத்தில் நின்றாள். அன்றைக்குத் தான் பேசியது தப்பு என்று சொல்லத்தான் நினைத்தாள். அந்த மாதிரி வாக்கியம் அவள் வாயில் பழக்கமில்லை. "இந்த வீட்ல எங்கெங்க ஷாக் அடிக்கும்? வந்து காட்டுக்கா" என்றாள். ராஜாம்பாள் கையைத் துடைத்துக்கொண்டு கூடவே வந்தாள். மிக்சி சுவிட்சை எந்தப் பக்கம் அழுத்தினால் பொறி பறக்கும், குளியலறை ஹீட்டர் எந்த மழைக்குப் பிறகு கெட்டது, மோட்டார் வயரை எலி கடித்த இடத்தை யார் எந்தத் துணியால் சுற்றினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எஸ்தர் இடது கையால் கோணல் மாணலாக எழுதிக்கொண்டாள். ஒரு பக்கம் நிரம்பிவிட்டது. சாந்திராஜ் எட்டிப் பார்த்து, இவ்வளவா என்றார். "உங்க வீடுதான் நயினாரே" என்றாள் எஸ்தர்.

கட்டில்லாத விரல்களாலேயே ஹீட்டரை மாற்றி, பிளக் போட்டு, புது எர்த்தில் சேர்த்து, மெஷினை ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் வந்தாள். டெஸ்டர் எரியவில்லை.

ஆள்காட்டி விரல் நுனிக்கு உணர்ச்சி திரும்பவில்லை. சின்னத் திருகாணிகளை இப்போது நடுவிரலால் பிடிக்கிறாள். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் பாத்திரம் தேய்க்கிறவளைக் கூப்பிடுங்கள் என்கிறாள். வீட்டுக்காரர்களுக்கு இது பிடிப்பதில்லை. எங்களிடம் கேட்டால் தெரியாதா என்கிறார்கள். தெரியாது என்று அவள் பதில் சொல்லி, அந்த வகையில் சில வீடுகளை இழந்துமிருக்கிறாள்.

இளையபெருமாளை விட்டுவிட முடியவில்லை. பூட்டுப் போடுகிற ஆள் செஞ்சியில் இன்னும் அவர் ஒருவர்தான். சேர்ந்து வேலை செய்யும்போது அவர் மெயினைப் பூட்டி, மாடியேறிப் பார்த்து இறங்கி வந்து ஆஃப் என்கிறார். எஸ்தர் அவர் முன்னாலேயே டெஸ்டரை எடுத்து வயரில் வைக்கிறாள். எரியவில்லை என்றால், டெஸ்டர் நல்லதுதானா என்று கரண்ட் இருக்கிற வேறொரு இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, திரும்ப வந்து இன்னொரு தடவை வைக்கிறாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்.